மூளைத் தூண்டல் சிகிச்சைக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 36. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் மாரடைப்பில் திடீரென்று இறந்துவிட்டார். அதிலிருந்து எனக்கும் அப்படி ஆகிவிடும் என்ற பயம். இருந்தாற்போல நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், மூச்சு முட்டும், இதோடு முடிந்தது என்று தோன்றும். ராத்திரி நேரத்தில் சில தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன், அடிக்கடி விரலில் மாட்டிப் பார்ப்பேன். மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டேன்.

மனநல மருத்துவர் எஸ்சிடாலோபிராம் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் போட்டேன். குமட்டலும் படபடப்பும் கூடியதுதான் மிச்சம். "அது நரம்பு மாத்திரை, பழகிட்டா விட முடியாது" என்று நாத்தனாரும் சொன்னதால் நிறுத்திவிட்டேன். தூக்கம் வராத நாட்களில் அல்பிரசோலம் போட ஆரம்பித்தேன். இப்போது ஆறு மாதமாக ஏறக்குறைய தினமும் போடுகிறேன். தெரிந்த மெடிக்கல் என்பதால் சீட்டு கேட்பதில்லை.

போன மாதம் ஒரு கிளினிக்கின் விளம்பரம் பார்த்தேன். "மருந்தில்லாமல் மனப்பதற்றத்துக்கு நிரந்தரத் தீர்வு, மூளைத் தூண்டல் சிகிச்சை" என்று இருந்தது. 30 சிட்டிங், 75 ஆயிரம் ரூபாய், முழுவதையும் முன்னாலேயே கட்ட வேண்டும். மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். கணவர், "அது கரண்ட் வைக்கிற வைத்தியம், ஞாபகம் போயிடும்" என்று பயப்படுகிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நகையை அடகு வைக்க வேண்டாம். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது: யார் சொன்னாலும் அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். இதை முதலில் விளக்கிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அல்பிரசோலம் வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டாலே உடல் அதற்குப் பழகிவிடும். ஆறு மாதம் தினமும் போட்ட ஒருவர் சட்டென்று விட்டால் தூக்கமின்மை, நடுக்கம், முன்பைவிட மோசமான படபடப்பு எல்லாம் வரும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். இப்போது அந்த கிளினிக் சொன்னதை நினைத்துப் பாருங்கள். காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சையில் அரிதாக வரக்கூடிய பெரிய ஆபத்து வலிப்புதான். அந்த ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று, இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. விவரம் தெரிந்த மருத்துவர் யாரும் "எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வாங்க" என்று சொல்ல மாட்டார். எது, எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்பார். பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்க ஒரு அட்டவணை எழுதித் தருவார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த கிளினிக் வேண்டாம் என்பேன்.

நாத்தனார் சொன்னதையும் இங்கேயே பேசிவிடலாம். பழகிவிட்டால் விட முடியாது என்று அவர் பயந்தது நியாயமான பயம்தான், ஆனால் மாத்திரை மாறிப்போய்விட்டது. அந்தப் பயம் அல்பிரசோலத்துக்குத்தான் பொருந்தும். எஸ்சிடாலோபிராம் போதை தருவதில்லை, நாளுக்கு நாள் அளவு கூட்டச் சொல்லி ஏங்கவைப்பதும் இல்லை. அதையும் சட்டென்று விடாமல் மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும் என்பது உண்மை, அவ்வளவுதான். ஆபத்து குறைந்ததை விட்டுவிட்டு, சீட்டில்லாமல் விற்கவே கூடாத மாத்திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பத்து நாளில் என்ன நடக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

இனி அந்தச் சிகிச்சை. மூளைத் தூண்டல் என்ற ஒரே பெயரில் பல வைத்தியங்கள் உலவுகின்றன. உங்கள் கணவர் மனதில் இருப்பது இசிடி, அதாவது ஷாக் ட்ரீட்மென்ட். 1938ல் ரோம் நகரில் தொடங்கியது. இன்று அதை மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அவை இல்லாமல் செய்வதை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போன மனச்சோர்விலும், பேச்சும் அசைவும் நின்றுபோய் உறைந்துபோகும் நிலையிலும் அது உயிர் காக்கும் வைத்தியம். சினிமாவில் காட்டுவதை வைத்து அதை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் தனிப் பதற்றத்துக்கு அதைச் செய்வதில்லை, உங்களுக்கு அதன் பேச்சே தேவையில்லை.

விளம்பரத்தில் வந்தது பெரும்பாலும் டிஎம்எஸ், அதாவது காந்தத் தூண்டல் சிகிச்சையாக இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவர் குழுவினரும் 1985ல் இதைச் செய்து காட்டினார்கள். அடிப்படை, ஃபாரடே 1831ல் கண்டுபிடித்த அதே விதிதான்: கம்பிச்சுருளில் மின்சாரம் சட்டென்று மாறினால் காந்தப்புலம் மாறும், மாறும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். இங்கே கடத்தி உங்கள் மூளையின் மேற்பரப்பு. மண்டையோட்டைத் திறப்பதும் இல்லை, தலையில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் இல்லை.

நடைமுறை இப்படி இருக்கும். சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். காதில் அடைப்பான் தருவார்கள், ஏனென்றால் கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் சடக் சடக்கென்று பலமாகச் சத்தம் போடும். முதல் நாள் கம்பிச்சுருளைத் தலையின் ஒரு பக்கம் வைத்து, எதிர்ப்பக்கக் கையின் கட்டைவிரல் தானாகத் துள்ளும் இடத்தையும் அதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவையும் தேடுவார்கள். நீங்கள் அசைக்காமலே விரல் துள்ளுவதைப் பார்க்க விசித்திரமாக இருக்கும், வலிக்காது. அந்த அளவை வைத்துத்தான் உங்களுக்கான சக்தியைக் கணக்கிடுவார்கள். பிறகு சுருளை நெற்றிக்குச் சற்று மேலே நகர்த்துவார்கள். மரங்கொத்தி கொத்துவது போல உச்சந்தலைத் தோலில் தட்டல் தெரியும். பழைய முறையில் ஒரு சிட்டிங் அரை மணி நேரத்துக்கு மேல் போகும், புதிய வேக முறையில் மூன்று நிமிடத்தில்கூட முடியும். வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். மயக்க மருந்து இல்லை, ஞாபக மறதி இல்லை, முடிந்ததும் எழுந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். தலைவலியும் தோலில் எரிச்சலும் சிலருக்கு முதல் வாரம் இருக்கும். வலிப்பு வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. கணவரிடம் இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? பாதுகாப்பானது என்பது ஒரு கேள்வி, உங்கள் நோய்க்கு வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சை பலன் தரும் என்பதற்குப் பெரிய ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லேயே அனுமதித்தது. ஓசிடிக்கு, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்க்கு, 2018ல் அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கும், போலிச் சுருள் வைக்கப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும் நோய் கணிசமாகக் குறைந்தது. 2021ல் மனச்சோர்வோடு சேர்ந்து வரும் பதற்றத்துக்கும் ஒரு கருவி அனுமதி பெற்றது. விளம்பரங்களில் "பதற்றத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது" என்று வருவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். மனச்சோர்வு உள்ளவருக்குப் பதற்றமும் சேர்ந்து இருந்தால் என்பதுதான் அந்த அனுமதி. தனியாக வரும் பதற்றநோய்க்கு அது பொருந்தாது.

உங்கள் கடிதத்தைப் படித்தால், பீதி நோயும் (திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் பேனிக் நோய்) உடல்நலம் பற்றிய ஓயாத பயமும் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனாலும் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது. பீதி நோய்க்குக் காந்தத் தூண்டல் பலன் தருமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014ல் உலக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தரமான ஆய்வு என்று தேறியவை இரண்டே இரண்டு. இரண்டிலும் சேர்த்து நோயாளிகள் 40 பேர். முடிவு சொல்ல இது போதாது என்றுதான் அவர்கள் எழுதினார்கள். பிறகும் நம்பிக்கை தரும் சிறு ஆய்வுகள் வந்திருக்கின்றன. தலையின் வலது பக்கம் நொடிக்கு ஒன்று என்ற மெதுவான வேகத்தில் தூண்டினால் பதற்றம் தணிகிறது என்று சில குழுக்கள் சொல்கின்றன. எனக்கும் இந்தத் துறையில் ஆர்வம் உண்டு, ஒரு நாள் இது நல்ல வழியாக நிலைபெறலாம். இன்றைக்கு "நிரந்தரத் தீர்வு" என்று எழுதி 75 ஆயிரம் கேட்க இது போதாது. நன்றாக நிரூபிக்கப்பட்ட மனச்சோர்விலேயே ஒரு வருடத்துக்குள் சிலருக்கு நோய் திரும்ப வருகிறது, மறுபடியும் சில சிட்டிங் தேவைப்படுகிறது. நிரந்தரம் என்ற சொல்லுக்கு அங்கேயே இடமில்லை.

பயத்தின் மையமாகச் சொல்லப்படும் அமிக்டலா மூளையின் ஆழத்தில் இருக்கிறது. சாதாரணச் சுருளின் காந்தப்புலம் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. அதனால் பயத்தின் இடத்தை நேரடியாகத் தொட முடியாது. நெற்றிப்பகுதி மூளையைத் தூண்டி, அங்கிருந்து போகும் இணைப்புகள் வழியாக உள்ளே மாற்றம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் கிளினிக் சுவரில் தொங்கும் படத்தில் அமிக்டலாவுக்கு நேராக அம்பு போட்டிருந்தால் அது உண்மையில்லை. கலர் கலராக "பிரெயின் மேப்பிங்" எடுத்து, சிவப்பாக இருக்கும் இடம்தான் உங்கள் பதற்றம் என்று காட்டினாலும் நம்பாதீர்கள். அந்தப் படத்தை வைத்துப் பதற்றநோயைக் கண்டறிய முடியாது.

மூளைத் தூண்டல் என்ற பெயரில் வேறு கருவிகளும் வருகின்றன. உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு மின்முனைகளைத் தலையில் கட்டி, ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரம் விடுவது டிடிசிஎஸ். காது மடலில் கிளிப் மாட்டுவது இன்னொன்று. அந்தக் கிளிப் கருவிக்கு அமெரிக்காவில் பதற்றத்துக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் உள்ள ஆதாரம் மெலிதானது. ஆன்லைனில் விற்கும் தலைப்பட்டைகளை வாங்க வேண்டாம்.

சரி, பிறகு என்ன செய்வது? நிரூபிக்கப்பட்ட இரண்டு வழிகள் உங்களுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவே இல்லை. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் பத்துப் பதினைந்து நாளில் பதற்றம் கூடுவதும் குமட்டுவதும் தெரிந்த விஷயம், அது பெரும்பாலும் தானே அடங்கும். பீதி நோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகமாக உறைக்கும். அதனால் வழக்கத்தில் பாதி அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி மெல்லக் கூட்டுவோம். பலன் வந்த பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பின் குறைத்து நிறுத்துவோம். நீங்கள் மோசமான பத்து நாளை மட்டும் தாங்கிவிட்டு, நல்ல பகுதி வருவதற்கு முன்னால் இறங்கிவிட்டீர்கள். அந்த மருந்து உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வழி சிபிடி என்னும் பேச்சு சிகிச்சை. பீதி நோயில் இது மருந்துக்கு நிகராகப் பலன் தருவது. பேச்சு சிகிச்சை என்றதும் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் விஷயத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். படபடப்பு வரும்போது உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் அந்த நேரத்தில் ஆக்சிமீட்டர் 98, 99 காட்டியிருக்குமே? காரணம், அப்போது நீங்கள் தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் கை மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது. இதைச் சிகிச்சையாளர் வாயால் சொல்வதோடு விடமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார். அதே மரமரப்பு, அதே கிறுகிறுப்பு வரும். நீங்களே வரவழைத்தது, நீங்களே அடங்கும் வரை உட்கார்ந்து பார்த்தது என்று ஆகும்போது அதன் மேல் உள்ள பயம் குறையத் தொடங்கும்.

அப்புறம் மாடிப்படி. முதல் வாரம் கடையில் ஒரு மாடி, கூட ஒருவரோடு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும். மணிக்கட்டில் நாடி பார்க்கக் கூடாது, ஆக்சிமீட்டரை எடுக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று படபடப்பு தானாக இறங்குவதைக் கவனிக்க வேண்டும். அடுத்த வாரம் தனியாக. பிறகு இரண்டு மாடி. ஆக்சிமீட்டர் முதலில் கைப்பையிலிருந்து கடை மேஜைக்குப் போகும், பிறகு வீட்டு அலமாரிக்கு. சரிபார்க்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிதான் அடுத்த முறை பார்க்கச் சொல்லி உங்களைத் தூண்டுகிறது. இந்தச் சுழலை உடைப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. வாரம் ஒரு முறை என்று 12 முதல் 16 வாரம் ஆகும். நெற்றியில் எத்தனை காந்தத் துடிப்பு கொடுத்தாலும், படிக்கட்டைப் பார்த்தால் வரும் பயத்தைப் படியேறாமல் போக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

உங்கள் பயத்துக்கு ஒரு நிஜமான காரணம் இருப்பதை நான் மறக்கவில்லை. உடன்பிறந்தவர் மாரடைப்பில் போயிருக்கிறார். ஆகவே படியேறும் பயிற்சிக்கு முன்னால் ஒருமுறை பொதுநல மருத்துவரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள்; தைராய்டும் ரத்த அளவும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்புதான் வரும். எல்லாம் சரி என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்புங்கள், மாதாமாதம் புது ஈசிஜி எடுக்க வேண்டாம். நடந்தால் நெஞ்சை அழுத்துவது, உட்கார்ந்தால் விடுவது, தாடைக்கோ தோளுக்கோ வலி பரவி வியர்த்துக் கொட்டுவது என்று இதுவரை இல்லாத மாதிரி ஏதாவது வந்தால் மட்டும் தயங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று, அண்ணனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையாளரிடம் அவரைப் பற்றியும் பேசுங்கள். அந்த இழப்பை அழுது தீர்க்க உங்களுக்கு நேரமே கிடைத்திருக்காது என்று தோன்றுகிறது.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசனையும் கேட்கலாம். ராத்திரி பயம் கூடி யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் அன்றே கூப்பிடுங்கள், கணவரிடமும் சொல்லிவிடுங்கள்.

காந்தத் தூண்டலை ஒரேயடியாக மறந்துவிடவும் சொல்லவில்லை. பதற்றத்தோடு மனச்சோர்வும் ஆழமாக இருக்கிறது, இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் போதுமான வாரங்கள் போட்டும் பேச்சு சிகிச்சை செய்தும் தேறவில்லை என்ற நிலை வந்தால், நானே அதைப் பற்றிப் பேசுவேன். அப்போது போகும் இடத்தில் முதலில் உங்களைப் பார்ப்பவர் மனநல மருத்துவரா, கருவி இயக்குநரா என்று பாருங்கள். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்காதவரிடம் தலையைக் கொடுக்கக் கூடாது. மூளையின் எந்தப் பக்கம், என்ன வேகம், ஏன் என்று கேட்டால் பதில் வர வேண்டும். பணத்தைச் சிட்டிங் சிட்டிங்காக வாங்கட்டும். தொடக்கத்திலும் இடையிலும் கேள்வித்தாள் வைத்து மதிப்பெண் எடுக்கிறார்களா, பாதி வழியில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவார்களா என்றும் கேளுங்கள்.

முன்பு பார்த்த மனநல மருத்துவரிடமே இந்த வாரம் திரும்பப் போகலாம், மருந்தை நிறுத்தியதற்குக் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம், நாங்கள் தினமும் கேட்பதுதான் அது. அல்பிரசோலம் எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் போடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். மாடிப்படியில் முதல் வாரம் கூட வர ஆள் வேண்டும் அல்லவா.